கப்பி மீன்கள் கற்பிக்கும் பாடம்

வீட்டில் ஓர் உயிரையேனும் வளர்ப்பது நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு வந்த நல்வழக்கம். கொல்லையில் கறவைப் பசு, முற்றத்தில் கோழி, வாசலில் நாய் என்று மனிதரோடு மற்ற உயிர்களும் ஒரே கூரையின் நிழலில் வாழ்ந்தன. இன்றோ நகரங்களில் வாழும் பல குடும்பங்களுக்குக் கொல்லையும் இல்லை, முற்றமும் இல்லை. இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வாடகை வீட்டில், நாய் பூனை வளர்க்கக் கூடாது என்னும் வீட்டுக்காரரின் நிபந்தனையும் சேர்ந்து கொள்கிறது. இத்தகைய இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பிற உயிர்களைப் பாடநூலின் படங்களிலும் திரையிலும் மட்டுமே கண்டு வளர்கின்றனர்.

உயிருள்ள ஒன்றைப் பொறுப்போடு பேணும் வாய்ப்பைத் தம் பிள்ளைகளுக்கு அளிக்க விரும்பும் பெற்றோருக்குக் குறைந்த செலவில் கைகொடுப்பது கப்பி மீன். அது குரைப்பதில்லை, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருவதில்லை, ஒரு சிறு மேசையளவு இடமே கேட்கிறது. அலங்கார மீன்களிலேயே மிக மலிவானவற்றுள் அதுவும் ஒன்று.

எனினும் ஓர் உண்மையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஆசையோடு வாங்கிவந்த மீன்கள் ஒரு மாதத்திற்குள் ஒவ்வொன்றாக மடிவதும், வெறுந்தொட்டி பரணில் ஏறுவதும் பல வீடுகளில் நடப்பதே. அம்மீன்கள் புறக்கணிப்பால் சாவதைவிட, அளவறியாத அன்பினால் சாவதே மிகுதி. மிகையான தீனி, மிகையான கூட்டம், மிகையான கழுவல் ஆகிய மூன்றுமே தொட்டி மீன்களின் பெரும் பகைவர்கள். அன்பு இருந்தால் மட்டும் போதாது. அன்புக்கு அறிவும் அளவும் துணை நிற்க வேண்டும் என்பதே இச்சிறு மீன்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

பெயர் வந்த கதை

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் அதனை அடுத்துள்ள டிரினிடாட் முதலிய தீவுகளும் ஆகும். வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1859ஆம் ஆண்டு இவ்வினத்தை முதன்முதலில் விவரித்தார். டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர், பள்ளிகளின் ஆய்வாளராகப் பணியாற்றியவர். இயற்கை ஆராய்ச்சியில் தணியாத ஆர்வம் கொண்டவர். அவர் லண்டன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பிய சில மீன்களுக்கு 1866இல் அங்கிருந்த அறிஞர் ஆல்பர்ட் குந்தர் அவருடைய பெயரையே சூட்டினார். அறிவியல் உலகம் பின்னர் வேறு பெயரை ஏற்றுக்கொண்டது. மக்கள் நாவிலோ ‘கப்பி’ என்னும் பெயரே நிலைத்தது.

அகுஸ்தீன் சபைத் துறவியாகிய கிரகோர் மெண்டல், மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்டறிந்த மரபியல் விதிகள் அச்சேறியதும் அதே 1866ஆம் ஆண்டில்தான். பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எவ்வாறு செல்கின்றன என்று ஆராய்ந்த அத்துறவியின் வழியைப் பின்னாளில் கப்பி மீன்களும் தெளிவுபடுத்தின. டென்மார்க் நாட்டு அறிஞர் யோகன்னஸ் ஷ்மிட், ஒருவகைக் கப்பியின் முதுகுத் துடுப்பிலுள்ள கரும்புள்ளி தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கிறது என்பதை 1920இல் எடுத்துக்காட்டினார்.

ஆண் மீன் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமே உடையது. விசிறி போன்ற வாலும் பல வண்ணங்களும் அதற்கே உரியவை. பெண் மீன் 6 சென்டிமீட்டர் வரை வளரும். நிறம் மங்கலாகவும் வயிறு பருத்தும் இருக்கும். டிரினிடாட் ஓடைகளில் ஆராய்ச்சி செய்த ஜான் எண்ட்லர் 1980இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. வேட்டை மீன்கள் மிகுந்த ஓடைகளில் ஆண் கப்பிகள் வண்ணம் குறைந்து காணப்பட்டன. ஆபத்துக் குறைந்த ஓடைகளில் அவையே பளிச்சென்று மின்னின. பகட்டான ஆடை பகைவனின் கண்ணையும் இழுக்கும் அன்றோ!

தொட்டியும் தண்ணீரும்

வட்டமான சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரே ஒரு மீனைப் போட்டு அழகு பார்ப்பதைக் கைவிடுவோம். நீர் குறைவாக இருந்தால் அது விரைவில் கெடும், விரைவில் சூடேறும். 45 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டியே தொடக்கத்திற்கு ஏற்றது. மேலே 3 சென்டிமீட்டர் விட்டு நிரப்பினால் அதில் சுமார் 25 லிட்டர் நீர் நிற்கும். கண்ணாடிக் கடைகளில் அளவு சொல்லி ஒட்டச் செய்தால் செலவு குறையும். கண்ணாடிக்கு வசதியில்லாதோர் சிமெண்டுத் தொட்டியையோ அகன்ற பிளாஸ்டிக் தொட்டியையோ பயன்படுத்தலாம். அதனால் மீனுக்கு ஒரு குறையும் இல்லை.

நீரின் எடை மட்டுமே 25 கிலோ. ஆகையால் ஆட்டம் காணாத மேசை வேண்டும். தொட்டியின் அடியில் தெர்மாகோல் அட்டையொன்றை விரித்தால் எடை சீராகத் தாங்கப்பட்டுக் கண்ணாடி விரிசல் காணாது. நேர் வெயில் விழும் சன்னலோரத்தைத் தவிர்க்க வேண்டும். வெயில் பட்டால் நீர் பச்சை நிறமாகும், கோடையில் கொதிக்கவும் செய்யும். 24 முதல் 28 பாகை செல்சியசு வெப்பம் கப்பிக்கு உகந்தது. சமவெளியில் வாழும் நமக்கு வெப்பமூட்டும் கருவி பெரும்பாலும் தேவைப்படாது. உதகையிலும் கொடைக்கானலிலும் வாழ்வோருக்கே அது வேண்டும்.

நகராட்சிக் குழாய் நீரில் கலந்துள்ள குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். அந்நீரை அகன்ற பிளாஸ்டிக் வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்துப் பின்னர் ஊற்றுதல் நலம். நாம் குடிப்பதற்குப் போற்றும் செம்புக் குடத்து நீர் மீனுக்கு ஆகாது. இயந்திரத்தில் வடிகட்டிய குடிநீரும் வேண்டாம். கப்பிக்குச் சற்றே கடினத்தன்மையுள்ள நீர்தான் பிடிக்கும். சோப்புப் பட்ட வாளி எதையும் தொட்டியின் அருகே கொண்டுவரலாகாது.

அடியில் நன்கு கழுவிய சிறு கூழாங்கற்களை மெல்லியதாகப் பரப்பி, வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகள் சிலவற்றை இட வேண்டும். குளத்துச் செடியானால் நன்கு அலசி, ஒரு வாரம் தனி வாளியில் வைத்து, நத்தையும் அட்டையும் இல்லை என்று கண்ட பின்னரே இடுக. செடிகள் கழிவை உறிஞ்சும், குஞ்சுகளுக்குப் புகலிடமாகும், பிளாஸ்டிக் அரண்மனைகளையும் பொம்மைகளையும் வாங்கும் செலவும் மிஞ்சும்.

கண்ணுக்குத் தெரியாத பணியாளர்கள்

புதுத் தொட்டியில் தெளிந்த நீர் ஊற்றி, அன்றே பத்து மீன்களை விட்டுவிட்டு, ஒரு வாரத்தில் அவை மடிவதைக் கண்டு கடைக்காரரை நோவோர் பலர். நடப்பது இதுதான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியா என்னும் நச்சாக மாறுகின்றன. கல்லிலும் செடியிலும் வடிகட்டியிலும் குடியேறும் நுண்ணுயிர்களுள் ஒரு வகை அந்நச்சை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியின் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருப்பினும் மீனுக்கு நஞ்சாகவே இருக்கக்கூடும்.

ஆகையால் தொடக்கத்தில் இரண்டு அல்லது மூன்று மீன்களே போதும். மீன் வளர்க்கும் நண்பரின் நோயற்ற தொட்டியிலிருந்து ஒரு பிடி கல்லோ ஒரு துண்டுப் பழைய ஸ்பாஞ்சோ வாங்கிப் போட்டால் இப்பணியாளர்கள் விரைவில் குடியேறுவர். சிறு காற்று பம்பும் அதனோடு இணைந்த ஸ்பாஞ்சு வடிகட்டியும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைக்க வேண்டும். இல்லையேல் மின்தடையின்போது குழாய் வழியே நீர் பின்னோக்கி வழியும். தொட்டிக்குள் கைவிடும் முன் மின்னிணைப்பைத் துண்டிக்கவும் பிள்ளைகளைப் பழக்குக.

வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் எடுத்துவிட்டு, முன்பு சொன்னவாறு வைத்திருந்த நீரை மெல்ல ஊற்றினால் போதும். எடுத்த அந்த நீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து கழுவலாம். குழாயடியில் கழுவினால் நல்ல நுண்ணுயிர்களும் மாண்டுபோம். தொட்டியை முற்றிலும் காலி செய்து, கல்லையும் கண்ணாடியையும் தேய்த்து மின்னச் செய்யும் ‘சுத்தக்காரர்கள்’ தம்மை அறியாமலே இப்பணியாளர்களை வெளியேற்றிவிடுகின்றனர். எடுத்த நீர் ரோஜாத் தொட்டிக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரமாகும்.

மற்றோர் எச்சரிக்கை. கொசுவத்திச் சுருளின் புகையும், பூச்சிகளைக் கொல்லத் தெளிக்கும் மருந்தும் மீனுக்குக் கொடிய நஞ்சு. காற்று பம்பு அறையின் காற்றையே உறிஞ்சி நீருக்குள் செலுத்துகிறது என்பதை மறவாதீர்.

ஒருசந்தி மீன்களுக்கும் உண்டு

பல வீடுகளில் கேட்கும் உரையாடல் இது.

“அம்மா, மீனெல்லாம் பசியோடு மேலே வந்து என்னையே பார்க்கின்றன. இன்னும் கொஞ்சம் தீனி போடட்டுமா?”

“காலையில் போட்டாயே, கண்ணே?”

“அப்பாவும் போட்டார், பாட்டியும் போட்டார்கள். ஆனாலும் பசிக்கிறதே!”

மீன் எப்போதும் தீனி கேட்கும். அது அதன் இயல்பு. இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே ஒரு வேளை உணவு. காலை ஒன்று, மாலை ஒன்று என இரு வேளை போதும். தீனி போடும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். கடையில் விற்கும் உலர் தீனியை விரலால் பொடித்துத் தூவலாம். கொசுப்புழு கிடைத்தால் அதுவே விருந்து. வேகவைத்த கீரையை நசுக்கி எப்போதாவது சிறிது தரலாம். முட்டை மஞ்சட்கருவைக் குஞ்சுகளுக்கு ஊசிமுனையளவு தரலாம். மிஞ்சினால் நீரைக் கெடுத்துவிடும். சோற்றுப் பருக்கையும் பிஸ்கட்டும் வேண்டவே வேண்டாம்.

வாரத்தில் ஒருநாள் தீனியே இடாமல் விடுவது மீனின் வயிற்றுக்கும் தொட்டியின் நீருக்கும் நன்மை தரும். நம் இல்லங்களில் வெள்ளிக்கிழமையை இதற்கென வைத்துக்கொண்டால், சிறுவருக்கும் நினைவில் நிற்கும். தவக்காலத்தில் தாமும் ஒருசந்தி இருக்கும் குடும்பத்தினர், மறுத்தலும் அன்பின் ஒரு வடிவமே என்பதைப் பிள்ளைக்கு விளக்க இதைவிட எளிய வழி ஏது?

பெருகும் குடும்பம்

கப்பி முட்டையிடுவதில்லை, குட்டிகளையே ஈனும். ஏறத்தாழ மூன்று முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பெண் மீன் இருபது, முப்பது, சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட குட்டிகளை ஈனும். ஒருமுறை ஆணோடு கூடிய பெண் மீன் விந்தணுக்களைத் தன் உடலில் சேமித்து, பல மாதங்கள் ஆண் துணையின்றியே மீண்டும் மீண்டும் ஈனும். கடையிலிருந்து பெண் மீன் ஒன்றை மட்டும் வாங்கி வந்தவரும் குஞ்சுகளைக் கண்டு திகைப்பதற்குக் காரணம் இதுவே. பிறந்த குஞ்சு உடனே நீந்தும். தாய் அதனைப் பேணாது. பசித்தால் விழுங்கவும் செய்யும். அடர்ந்த செடிகள் இருந்தால் சில பிழைக்கும். இரண்டு மூன்று மாதங்களில் அவையும் ஈனத் தொடங்கும்.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். 25 லிட்டர் நீரில் எட்டுக் கப்பிகள் நலமாக வாழும். எண்பது வாழா. முதல் முறையாக வளர்ப்போர் ஆண் மீன்களை மட்டும் வாங்குவதே அறிவுடைமை. வண்ணமும் அவற்றிடமே உண்டு. குஞ்சுகளையும் காண விரும்புவோர் ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்னும் கணக்கில் தொடங்கலாம். ஆண்கள் மிகுந்தால் பெண் மீன்களை ஓயாது துரத்தி வாட்டும். நான்கு முதல் ஆறு வாரங்களில் ஆண் குஞ்சின் வயிற்றடித் துடுப்பு குச்சி போல் கூராகத் தொடங்கும். அப்போதே ஆணையும் பெண்ணையும் தனித்தனியே பிரித்துவிட்டால் பெருக்கம் கட்டுப்படும்.

மிகுந்த குஞ்சுகளை மீன் கடைக்காரருக்கோ வளர்க்க விரும்பும் அண்டை வீட்டாருக்கோ தரலாம். சென்னையின் கொளத்தூர்ப் பகுதியில் வண்ண மீன்களை வளர்த்து விற்பதே பல குடும்பங்களின் பிழைப்பு. சிமெண்டுத் தொட்டிகளையே முதலாகக் கொண்டு அத்தொழிலில் வளர்ந்தோர் உண்டு. ஆயினும் இலாபக் கணக்கை முதல் நாளே போட்டுக்கொண்டு தொடங்க வேண்டா. எட்டு மீன்களை ஓராண்டு நலமாகக் காக்கக் கற்றவரே எண்ணூறு மீன்களை நினைக்கலாம்.

குளத்தில் விடலாமா?

‘இனி வளர்க்க இயலாது, பாவம், ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுவோம், விடுதலையாய் வாழட்டும்’ என்று எண்ணுவோர் நல்லெண்ணம் கொண்டவரே. ஆனால் அது நன்மையன்று. கொசுவை ஒழிக்கும் நோக்கில் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட கப்பி, இன்று பல நீர்நிலைகளில் தானாகவே பெருகி வாழ்கிறது. கழிவு கலந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும் அது, நம் ஊர்ச் சிறு மீன்களோடு உணவுக்கும் இடத்திற்கும் போட்டியிடுகிறது. அவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கிறது. கொசுப்புழுவைத் தின்னும் சிறு மீன்கள் நம் வாய்க்கால்களில் முன்னரே பல உண்டு.

வீட்டின் சிமெண்டுத் தொட்டியில் சில கப்பிகள் இருந்தால் டெங்குக் கொசுவின் புழுக்களைத் தின்றுவிடும் என்பது உண்மை. எனினும் தொட்டியை மூடி வைப்பதே முதற்காப்பு. மீன் இருக்கும் தொட்டி ஓடையோடும் குளத்தோடும் தொடர்பற்றதாக இருத்தல் வேண்டும். வளர்க்க இயலாதபோது வளர்ப்பவர் ஒருவரைத் தேடிக் கொடுப்பதே பொறுப்புள்ள வழி.

நோயும் இறப்பும்

துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்குதல், மேற்பரப்பில் வாயைப் பிளந்து திணறுதல், உடலில் வெண்புள்ளிகள் தோன்றுதல் ஆகியவை நோயின் அறிகுறிகள். மருந்துக்கு ஓடும் முன் தீனியை நிறுத்தி, நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுக. நோயுற்ற மீனைத் தனி வாளியில் இட்டு, 5 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்துச் சில நாள் வைத்தால் பல மீன்கள் தேறிவிடும். புது மீன் வாங்கினால், பையோடு கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் சேர்த்து, பின்னர் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. பையிலுள்ள நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

எவ்வளவு பேணினாலும் கப்பியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகளே. ஒருநாள் காலையில் பிள்ளை அழுதுகொண்டே வரும். பல குழந்தைகளுக்கு இறப்போடு நேரும் முதற்சந்திப்பு இதுவாகவே இருக்கும். அவ்வேளையில், ‘அது தூங்குகிறது’ என்று பொய் சொல்வதும், பிள்ளை அறியாமல் அதே நிறத்தில் வேறொன்றை வாங்கி விடுவதும் சரியன்று. இறந்தது என்று சொல்லி, பூந்தொட்டி மண்ணில் பிள்ளையின் கையாலேயே புதைக்கச் செய்யலாம். விலை மலிந்த சிட்டுக்குருவியும் தந்தையாம் இறைவனின் நினைவுக்கு அப்பாற்பட்டதன்று என்று நம் ஆண்டவர் மொழிந்ததை அப்போது எடுத்துச் சொல்லலாம். பாட்டனோ பாட்டியோ மறையும் நாளில், அப்பிள்ளை துயரைத் தாங்கும் வலிமையில் ஒரு சிறு பங்கேனும் அன்று பெற்றிருக்கும். மீன் ஏன் இறந்தது என்று உடன் அமர்ந்து ஆராய்வதும் நன்று. தீனி மிகுந்ததா, நீர் மாற்ற மறந்தோமா என்று காண்பது பழி சுமத்துவதற்கன்று, எஞ்சியவற்றைக் காப்பதற்கே.

உரிமையாளர் அல்லர், காவலர்

ரிமினி நகரில் மக்கள் செவிகொடுக்க மறுத்தபோது, பதுவைப் புனித அந்தோணியார் நீர்க்கரையில் நின்று மீன்களுக்குப் போதித்தார் என்பது திருச்சபையில் வழிவழியாக வரும் வரலாறு. புனித பிரான்சிஸ் அசிசியாரைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979இல் அறிவித்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலும், மனிதன் படைப்பின் ஆண்டை அல்லன், அதைப் பேணும் பொறுப்பேற்றவன் என்பதையே வலியுறுத்துகிறது. முதல் மனிதனை இறைவன் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவுமே என்று தொடக்க நூல் கூறுகிறது.

இப்பேருண்மைகளை ஒரு சிறுவனுக்குச் சொற்பொழிவால் உணர்த்துவது எளிதன்று. 25 லிட்டர் நீரும் எட்டு மீன்களும் அதைச் செய்யும். தீனி டப்பாவைத் திறந்த கை, இன்று இவ்வளவு போதும் என்று தானாகவே மூடக் கற்றுக்கொண்டால் அவன் அளவை அறிந்தான் எனலாம். விளையாட்டை நிறுத்திவிட்டுச் சனிக்கிழமைதோறும் நீர் மாற்ற வந்து நின்றால் அவன் கடமையை அறிந்தான் எனலாம். பெற்றோரே, தொட்டி வாங்கும் முன் பிள்ளையோடு அமர்ந்து, யார் தீனி இடுவது, யார் நீர் மாற்றுவது, ஊருக்குச் செல்லும் நாட்களில் யார் பார்த்துக்கொள்வது என்று பேசி முடிவு செய்யுங்கள். அவ்வினாக்களுக்கு விடை கிடைத்த பின் மீன் வாங்கச் செல்லுங்கள். விடை கிடைக்கவில்லையேல் இன்னும் சிறிது காலம் காத்திருங்கள். உயிரை வீட்டுக்குக் கொண்டுவருதல் எளிது. அதைக் காப்பதே அன்பு.